பாட்டியின் கைக்கு ஏற்ற கைப்பேசி எது?

வீட்டில் யாருக்காவது புதுக் கைப்பேசி வாங்க வேண்டுமென்றால் முதலில் கூப்பிடுவது நம்மைத்தான். “நீதான் படிக்கிற பிள்ளை, இதெல்லாம் உனக்குத்தானே தெரியும்” என்று சொல்லிப் பொறுப்பை நம் தலையில் கட்டிவிடுவார்கள். நாமும் உற்சாகமாகக் கிளம்பிவிடுவோம். கேமரா எப்படி, சேமிப்பளவு எவ்வளவு, விளையாட்டு தடையில்லாமல் ஓடுமா என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால், எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு வாங்கும்போது இந்த அறிவில் முக்கால்வாசி உதவாது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகளே வேறு.

அண்மையில் என் பாட்டிக்குக் கைப்பேசி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காகத் தேடிப் படித்தவற்றையும், கடை கடையாக ஏறிக் கேட்டவற்றையும், பாட்டியிடமே தெரிந்துகொண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தவணை விடுமுறையிலோ தீபாவளி விடுமுறையிலோ இந்த வேலை உங்களுக்கும் வரக்கூடும்.

இளையோரும் முதியோரும் வாழும் ஊர்

நான் படிப்பது காம்பாரில். ஒரு காலத்தில் ஈயத்தால் பிழைத்த ஊர் இது. 2007-இல் இங்குத் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறக்கப்பட்டது. 2009-இல் காம்பார் தனி மாவட்டமானது. இன்று புதிய நகரப் பகுதியில் எங்குப் பார்த்தாலும் மாணவர்கள், உணவகங்கள், கைப்பேசிக் கடைகள். பழைய நகரத்திற்குள் நடந்தால் வேறு காட்சி. கடைத்தெரு ஐந்தடிப் பாதைகளில் பெரும்பாலும் முதியவர்களைத்தான் காண முடியும். பேராக்கின் பல ஊர்களில் இதே கதைதான். ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன அல்லது செம்பனைக்கு மாறின. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

என் பாட்டிக்கு வயது 76. கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தாத்தா இறந்த பிறகு காம்பாரில் ஒரு தாமானில் தனியாக இருக்கிறார். என் அம்மா ஈப்போவில், மாமா ஜொகூர் பாருவில், சின்னம்மா சுங்கை சிப்புட்டில். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவசரச் செய்தி என்றால் தோட்ட அலுவலகத்திற்குத்தான் போன் வரும், கிராணி ஆள் அனுப்பிச் சொல்வார் என்று பாட்டி சொல்லுவார். இப்போது அந்தக் கிராணி செய்த வேலையையும் ஒரு கைப்பேசிதான் செய்ய வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், இரவில் பாட்டிக்கு நெஞ்சு வலித்தால்கூட யாருக்கும் தெரியாது. ஆகவே, இதைச் சாதாரணமாக ஒரு பொருள் வாங்கும் காரியமாக நான் பார்க்கவில்லை.

மாமா கொடுத்த பழைய திறன்பேசி ஒன்று பாட்டியிடம் இருந்தது. பல குடும்பங்களில் நடப்பது இதுதான். நமக்குப் புதியது வந்ததும் பழையது பாட்டிக்குப் போகும். மின்கலம் பாதி தேய்ந்திருக்கும். திரை முழுக்க நம் செயலிகள் இருக்கும். பாட்டி அதை எடுத்துப் பேசுவதைவிட, மின்னூட்டம் போட்டு மேசை இழுப்பறையில் வைத்த நேரமே அதிகம்.

முதலில் பட்டியல், பிறகு கடை

கடைக்குப் போகும் முன் நான் செய்த முதல் வேலை, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் உட்கார்ந்ததுதான். “பாட்டி, நீங்க யார் யார்கிட்ட பேசணும்?” என்று கேட்டேன். அம்மா, மாமா, சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எப்போதும் ஏற்றிச் செல்லும் டாக்சிக்காரர். ஐந்தே பெயர்கள். வேறு என்ன வேண்டும் என்றதற்கு, “மின்னல் எஃப்எம் கேக்கணும். கரண்டு போனா டார்ச் லைட் வேணும்” என்றார்.

ஐந்து எண்கள், ஒரு வானொலி, ஒரு விளக்கு. இந்தப் பட்டியல்தான் எனக்கு வழிகாட்டி. உங்கள் தாத்தாவின் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். எங்கள் தாமானிலேயே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது பாட்டியைவிட இரண்டு கூட. திறன்பேசியில் நாளிதழ் படிக்கிறார். புலனக் குழுவில் தினமும் ஒரு திருக்குறள் போடுகிறார். பேரனுடன் காணொளியில் பேசுகிறார். அவரிடம் போய்ப் பொத்தான் கைப்பேசியை நீட்டினால் அது அவமதிப்பு. முதியவர் என்றாலே எளிய கைப்பேசி என்று முடிவு கட்ட வேண்டாம். வயதைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும்.

விரல்

திறன்பேசித் திரையைத் தொட்டால் பாட்டிக்குப் பல நேரம் வேலை செய்யாது. “இது என்னைக் கண்டா மட்டும் மக்கர் பண்ணுது” என்பார். குறை பாட்டியிடம் இல்லை. இன்றைய தொடுதிரைகள் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. நம் தோலின் வழியாகத் திரையின் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் உணர்கின்றன. வயதானால் தோல் வறண்டுபோகும். ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்து வேலை செய்த விரல்களில் காய்ப்பும் இருக்கும். வறண்ட, தடித்த தோலைத் திரையால் எளிதில் உணர முடிவதில்லை. பால்மரம் வெட்டிய கைக்கும் தொடுதிரைக்கும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று கை நடுக்கம். தொட்டதும் விரலை எடுக்காமல் சற்று அழுத்திப் பிடித்தால், திறன்பேசி அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். செயலிகள் இடம் மாறும். சில அழிந்தே போகும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘தொட்டுப் பிடிக்கும் நேரம்’ எவ்வளவு என்பதை அணுகல் அமைப்புகளுக்குள் சென்று கூட்டி வைக்கலாம். உங்கள் வீட்டு முதியவர் திறன்பேசிதான் பயன்படுத்துகிறார் என்றால் இன்றே இதைச் செய்து கொடுங்கள்.

பொத்தான் கைப்பேசியில் இந்தச் சிக்கல் இல்லை. அழுத்தினால் அழுந்துவது விரலுக்கே தெரியும். 5 என்ற எண்ணின் மீது ஒரு சிறு புள்ளி மேடாக இருப்பதைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணால் பார்க்காமலே மற்ற எண்களின் இடத்தைக் கண்டுபிடிக்க அந்தப் புள்ளி உதவுகிறது. ஆனால் எல்லாப் பொத்தான்களும் நல்ல பொத்தான்கள் அல்ல. ஒன்றோடொன்று ஒட்டி, தட்டையாக இருப்பவை வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புடைத்திருக்க வேண்டும்.

காது

வயது கூடும்போது கேட்கும் திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான். குருவி கத்துவதுபோல் கீச்சென்று ஒலிக்கும் அழைப்பொலி பாட்டியின் காதில் விழாமல் போவதற்கும், கீழ்க்குரலில் ஒலிக்கும் நாதஸ்வரமோ மேளமோ கேட்டுவிடுவதற்கும் இதுதான் காரணம். எனவே, ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், தாழ்ந்த சுருதியில் ஓர் அழைப்பொலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகளின் அடையாளம் உச்ச ஒலிகளில்தான் இருக்கிறது. பழைய வகைத் தொலைபேசி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தும். அதற்கு மேலே உள்ளவை வெட்டப்பட்டுவிடும். 4ஜி வலையமைப்பின் வழியாகப் பேசும் ‘வோல்ட்டி’ முறையில் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்த முடியும். இரு முனையிலும் இந்த வசதி இருந்தால் குரல் தெளிவாகக் கேட்கும். “சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு” என்று தாத்தா கத்தும்போது, அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சத்தமன்று, தெளிவு.

காதுக்கருவி அணிபவர் என்றால் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கைப்பேசிகள் காதுக்கருவிக்கு அருகில் கொண்டுபோனால் இரையும். அந்த முதியவரை உடன் அழைத்துச் சென்று, கருவியுடனே பேசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கண்

பாட்டிக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது. மறு கண் இன்னும் பாக்கி. அவருக்கு எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதவில்லை. கறுப்பின் மேல் வெள்ளை அல்லது வெள்ளையின் மேல் கறுப்பு என்று பளிச்சென்ற வேறுபாடு வேண்டும். சாம்பல் நிறப் பொத்தானில் வெளிர்நீல எண் அச்சிட்டிருந்தால், அது நமக்கு அழகு. பாட்டிக்கு அது வெறும் பொத்தான். கடையின் வெண்விளக்கில் பளிச்சென்று தெரியும் திரை வெயிலில் மங்கிப்போகும். ஐந்தடிக்கு வெளியே எடுத்து வந்து ஒரு முறை பாருங்கள்.

மொழியையும் பார்க்க வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-இலேயே கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. அப்படிப்பட்ட நாட்டில் வாழ்கிறோம். இன்றைய திறன்பேசிகளில் தமிழுக்குக் குறையில்லை. ஆனால், இங்கு விற்கும் எல்லாப் பொத்தான் கைப்பேசிகளிலும் தமிழ் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கடையிலேயே மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள். தமிழ் இல்லாவிட்டால், அல்லது முதியவருக்கு எந்த மொழியுமே படிக்க வராது என்றால், விரைவு அழைப்பு இருக்கிறது. 2-ஐ அழுத்திப் பிடித்தால் அம்மா, 3-ஐ அழுத்திப் பிடித்தால் மாமா என்று பதிந்துவிடலாம். பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டையைச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது.

3ஜி போனது, அடுத்து?

இனி வருவது பலர் கவனிக்காத பகுதி. நம் நாட்டில் 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு 3ஜி சேவையை நிறுத்தும் திட்டத்தை, ஜெண்டேலா எனப்படும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டத்தின் கீழ் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் செயல்படுத்தியது. 4ஜி சேவையை விரிவுபடுத்துவதும் 5ஜிக்கு வழி அமைப்பதும் அதன் நோக்கம். 3ஜி நின்றாலும் 2ஜி தொடர்ந்தது. அதனால் மிகப் பழைய பொத்தான் கைப்பேசிகள் தொடர்ந்து பேசின. அவற்றைவிடப் புதிய 3ஜி கைப்பேசிகளில்தான் இணையம் நின்றுபோனது.

அப்படியானால் 2ஜி கைப்பேசியே போதுமே, மலிவாயிற்றே என்று தோன்றும். பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் 2ஜி கிடையாது. எந்த வலையமைப்பும் என்றென்றைக்கும் இருக்கப்போவதில்லை. மூத்தவர்கள் ஒரு கைப்பேசியைப் பத்து ஆண்டுகள்கூட வைத்திருப்பார்கள். ஆகவே, இன்று வாங்கும் பொத்தான் கைப்பேசி 4ஜி ஆகவும், வோல்ட்டி வசதி உள்ளதாகவும் இருக்கட்டும். நோக்கியா 105 போன்ற சில மாடல்கள் ஒரே பெயரில் 2ஜி, 4ஜி என இரண்டு வகையாக வந்துள்ளன. பெட்டியின் முன்பக்கப் படம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மலேசியச் செட்டா, ஏ.பி. செட்டா என்றும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவரப்பட்ட கைப்பேசி சற்று மலிவாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வோல்ட்டி அதில் வேலை செய்யாமல் போகக்கூடும். உத்தரவாதத்திலும் சிக்கல் வரலாம். ஒரு சாதாரண 4ஜி பொத்தான் கைப்பேசி பொதுவாக 200 ரிங்கிட்டுக்குள் கிடைத்துவிடும். அதில் பத்து இருபதை மிச்சம் பிடிக்கப் போய் அழைப்பு வராத கைப்பேசியை வாங்கிவிடக் கூடாது.

எளிமையை யோசித்தவர்கள்

‘எளிய கைப்பேசி’ என்பது ஏழைகளுக்கான மட்டச் சரக்கு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் அதற்குப் பின்னால் நிறைய சிந்தனை உண்டு. 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் தெருவில் நின்றபடி உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தவர் மார்ட்டின் கூப்பர் என்ற பொறியியலாளர். அவரும் அவர் மனைவி அர்லின் ஹாரிசும் 2006-இல் அமெரிக்காவில் ‘ஜிட்டர்பக்’ என்ற கைப்பேசியைக் கொண்டுவந்தார்கள். பெரிய பொத்தான்கள், ஆம்–இல்லை என்ற இரண்டு விடைப் பொத்தான்கள், திறந்தவுடன் பழைய வீட்டுத் தொலைபேசிபோல் ‘டோன்’ சத்தம். தொடர்பு கிடைத்துவிட்டது என்று முதியவருக்கு அந்தச் சத்தம் சொல்லும். கைப்பேசிக்கு வழி திறந்தவரே பிற்காலத்தில் எளிமைக்குத் திரும்பி வந்தார் என்பது யோசிக்க வைக்கிறது.

ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனம் 2001 முதல் ‘ராகு ராகு’ கைப்பேசிகளைச் செய்து வந்தது. நெருங்கிய மூவரை ஒரே அழுத்தில் அழைக்க மூன்று தனிப் பொத்தான்கள் அவற்றில் இருந்தன. எதிர்முனையில் பேசுபவரின் பேச்சை மெதுவாக்கிக் கேட்க வைக்கும் வசதிகூடச் சில மாடல்களில் வந்தது. 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100-ஐ நம் பெற்றோரிடம் கேட்டால் கண்கள் மின்னும். தூசி புகாத பொத்தான் பலகை, வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு டார்ச் விளக்கு. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. மின்சாரம் நிலையாக இல்லாத ஊர்களில் இருப்போருக்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்தார்கள். பாட்டி டார்ச் லைட் கேட்டபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

எளிமையால் இழப்பதும் உண்டு

பொத்தான் கைப்பேசியின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமாகாது. நம் நாட்டில் பல காரியங்கள் செயலிக்குள் போய்விட்டன. 2021-இல் கோவிட் தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ள நாம் மைசெஜாத்ராவைத் திறந்தோம். திறன்பேசி இல்லாதவர்களுக்கு அழைப்பு எண்ணும், கிளினிக்கில் நேரடிப் பதிவும் இருந்தன. ஆனாலும் அந்த வழிகள் இருப்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை விட்டுவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைகளுக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. மோசடிகளைத் தடுக்க அது தேவையான முடிவு. ஆனால் அந்த வேறு முறை பெரும்பாலும் திறன்பேசிச் செயலிதான். இணையத்தில் பணம் அனுப்பும் முதியவருக்குப் பொத்தான் கைப்பேசி இனிப் போதாது. பாட்டியைப் போல வங்கிக்கு நேரில் போய்ப் பணம் எடுப்பவருக்கு அதனால் பாதிப்பில்லை.

வேறு வழியும் உண்டு என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு சாரா உதவித்தொகை. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதைக் கடந்த எல்லா மலேசியர்களுக்கும் வழங்கப்பட்ட 100 ரிங்கிட்டை மைகார்டைக் காட்டியே செலவழிக்க முடிந்தது. செயலி தேவைப்படவில்லை. பாட்டி கடைக்குப் போனார், அரிசியும் எண்ணெயும் வாங்கினார், அட்டையைக் கொடுத்தார், வந்துவிட்டார். தொழில்நுட்பம் படிக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் ஒரு சேவையை வடிவமைக்கும்போது, திறன்பேசி இல்லாதவருக்கும் ஒரு வாசலை வையுங்கள்.

பொத்தானும் வேண்டும், புலனமும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு காலத்தில் இடைவழி இருந்தது. ‘கைஓஎஸ்’ இயங்குதளம் கொண்ட பொத்தான் கைப்பேசிகளில் புலனம் வேலை செய்தது. 2024-இலிருந்து அவற்றில் புலனத்தைப் புதிதாக நிறுவ முடிவதில்லை. பழைய விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். திறன்பேசி வேண்டும், ஆனால் குழப்பம் வேண்டாம் என்றால், பல நிறுவனங்களின் கைப்பேசிகளில் எளிய பயன்முறை இருக்கிறது. படங்களும் எழுத்துகளும் பெரிதாகும், தேவையற்றவை மறைந்துவிடும். ஐபோனிலும் 2023 முதல் இத்தகைய வசதி உண்டு. எழுதத் தெரியாதவர்கள் புலனத்தில் குரல்பதிவு அனுப்பலாம்.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் எடுத்துச் சொன்னேன். ஜொகூர் பாருவில் இருக்கும் மாமா மகளுக்கு இரண்டு வயது. பொத்தான் கைப்பேசி என்றால் அவளைத் திரையில் பார்க்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “படத்தை நீ வர்றப்போ உன் போன்ல காட்டு பாப்பா. எனக்கு அடிச்சா நான் எடுக்கணும். நான் அடிச்சா அவங்க எடுக்கணும். அது போதும்” என்றார். முடிவு அவருடையது. அதன் விலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் செய்யக்கூடியது, இரண்டு பக்கத்தையும் விளக்கிவிட்டு விலகி நிற்பது. இப்போது ஞாயிறுதோறும் என் கைப்பேசியில் காணொளி அழைப்பு; மற்ற நாள்களில் அவருடைய சொந்தக் கைப்பேசி.

எண்ணையும் காக்க வேண்டும்

கைப்பேசி வாங்கியதோடு வேலை முடியாது. முன்கட்டண எண்ணுக்குச் செல்லுபடிக் காலம் உண்டு. டாப் அப் செய்யாமல் காலம் கடந்தால் அழைப்பு நிற்கும். பிறகு எண்ணே ரத்தாகும். மருத்துவமனை அட்டையிலும் வங்கியிலும் கொடுத்த எண் அதுதான். போனால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். அதிகம் பேசாதவருக்கு, நீண்ட செல்லுபடிக் காலம் உள்ள திட்டமே நல்லது. கடைசித் தேதியை உங்கள் நாள்காட்டியிலும் குறித்து வையுங்கள். எண் பாட்டியின் மைகார்டில் அவர் பெயரிலேயே பதிவாகட்டும்.

மோசடியைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். பொத்தான் கைப்பேசியில் தீய செயலிகளை நிறுவும் ஆபத்து இல்லை. ஆனால் போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லி மிரட்டும் அழைப்புகள் எந்தக் கைப்பேசிக்கும் வரும். பாட்டியிடம் நான் சொன்னது ஒரே விதி: பணம், வங்கி, கைது என்ற சொல் காதில் விழுந்தால் வைத்துவிடுங்கள்; வைத்ததும் 2-ஐ அழுத்துங்கள், அம்மா எடுப்பார். உண்மையான அதிகாரியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட மையம் அது. ஆபத்து அவசரத்திற்கு 999. இரண்டையும் சுவர் அட்டையில் எழுதிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வசதிக்காகப் பாட்டியின் வங்கிக் கணக்கை நம் கைப்பேசியில் பதிந்துகொள்ளும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அவர் பணம் அவர் கையில் இருக்கட்டும். உதவி வேண்டுமானால் உடன் போவோம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பழைய நகரத்துக் கடை ஒன்றில் நான்கு கைப்பேசிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். பாட்டியும் உடன் வந்திருந்தார். எது அழகு என்று அவரிடம் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் அவருடைய சிம் அட்டையைப் போட்டுத் தரும்படி கடைக்காரரைக் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். நான் ஐந்தடிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பாட்டி என் எண்ணை அழுத்தி என்னை அழைக்க வேண்டும். பிறகு நான் அழைப்பேன், அவர் எடுக்க வேண்டும். பேசி முடித்து அவரே வைக்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை.

முதல் கைப்பேசியில் பச்சைப் பொத்தானைத் தேடவே நேரமாயிற்று. இரண்டாவதில் குரல் உடைந்தது. மூன்றாவது மடக்கும் வகை. திறந்தால் அழைப்பை எடுக்கும், மூடினால் வைத்துவிடும்; பாட்டிக்கு அது பிடித்திருந்தது, ஆனால் திறக்க நகம் தேவைப்பட்டது. நான்காவதில் பொத்தான்கள் புடைத்திருந்தன. குரல் தெளிவாக வந்தது. மின்கலத்தைக் கழற்றி மாற்றலாம், காதணி செருகாமலே வானொலி கேட்கலாம், தலையில் விளக்கும் உண்டு. அதையே வாங்கினோம்.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். தேர்வு முடிந்த ஒரு பிற்பகல் போதும். உடன் உட்கார்ந்து எண்களைப் பதிந்து கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லித்தர முயலாதீர்கள். முதல் வாரம் அழைப்பை எடுப்பது, அடுத்த வாரம் அழைப்பது, அதற்கடுத்த வாரம் வானொலி. அவர் தடுமாறும்போது கைப்பேசியைப் பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். பாட்டி இப்போது ஐந்து எண்களையும் அட்டையைப் பார்க்காமலே அழைக்கிறார். போன வாரம் நான் விரிவுரையில் இருக்கும்போது மூன்று தவறிய அழைப்புகள். பதறி அழைத்தால், “ஒண்ணும் இல்ல பாப்பா, மத்தியானம் சாப்பிட்டியான்னு கேக்கத்தான்” என்றார்.